சுங்கை சிப்புட்டில் ஒரு கோப்பி கேட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

போன வருடம் திருச்சியிலிருந்து என் சின்ன மாமனார் மலேசியாவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சர்க்கரைக்காரர். மறுநாள் காலை பசியாற அவரை டவுனுக்கு அழைத்துப் போனேன். காடியை நிறுத்த நான் இடம் தேடி அலைந்த பத்து நிமிடத்தில், மனுஷர் தானாகவே ஒரு கடையில் போய் உட்கார்ந்து, "தம்பி, ஒரு காபி, வித்தவுட்" என்று சொல்லிவிட்டார். திருச்சியில் அந்த ஒரு வார்த்தை போதும், சர்க்கரை போடாத காபி வந்துவிடும். இங்கே பரிமாறியவன் வங்காளதேசத்துப் பிள்ளை. அவன் விழித்ததைப் பார்த்து மாமா கையை ஆட்டி "நோ சுகர், நோ சுகர்" என்றிருக்கிறார். பையன் தலையாட்டிவிட்டுப் போய், சொன்னபடியே சீனி போடாமல் ஒரு கோப்பி கொண்டுவந்து வைத்தான். அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கட்டிப்பால்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமா கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "சக்கரையே வேணாம்னேன் மாப்ள, பாயசத்தக் கொண்டாந்து வச்சிருக்கான்."

பையன் மேல் தப்பே இல்லை. அவன் சீனி போடவில்லைதான். மாமா மேலும் தப்பில்லை. அன்றைக்கு அந்த மேசையிலேயே ஒரு டிஷ்யூ தாளில் அவருக்கு ஏழெட்டு வார்த்தைகள் எழுதிக் கொடுத்தேன். கீழே இருப்பது அந்தத் தாளின் விரிவு. ஊரிலிருந்து உறவுக்காரர் வருகிறவர்களுக்கு உதவும். கோலாலம்பூரில் வளர்ந்து, தாத்தா வீட்டுக்கு வரும்போது மட்டும் தோட்டப்புற டவுனைப் பார்க்கிற பிள்ளைகளுக்கும் உதவும்.

எங்கள் டவுன் சுங்கை சிப்புட், பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே காடியில் அரை மணி நேரம். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. ஆனால் நான் சொல்லப்போவது பாகான் செராய்க்கும் பீடோருக்கும் பீடோங்குக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும்.

முதலில் கட்டிப்பாலைப் புரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டு டீக்கடையில் பால் ஒரு பக்கம் கொதிக்கிறது, டிகாக்‌ஷன் ஒரு பக்கம், சர்க்கரை டப்பா ஒரு பக்கம். மூன்றும் தனித்தனி. அதனால் அங்கே கேட்கிற வார்த்தைகள் எல்லாம் அளவைப் பற்றியவை: ஸ்ட்ராங்கா, லைட்டா, சக்கரை கம்மியா, தூக்கலா.

இங்கே கதை வேறு. இந்த வெயிலில் கறந்த பாலை நாள் முழுக்கக் கெடாமல் வைத்துக் கடை நடத்த முடியாத காலத்தில், பால் டின்னில் வந்தது. கெடாமல் இருக்கச் சீனியைப் போட்டுக் காய்ச்சி இறுக்கிய பால். அதுதான் கட்டிப்பால். ஆக, பாலும் இனிப்பும் பிரிக்க முடியாதபடி ஒட்டியே வந்தன. "பால் வேண்டும், இனிப்பு வேண்டாம்" என்பது அந்த டின்னிடம் நடக்காத காரியம். இந்த நாட்டின் கோப்பி, தே (டீ) வார்த்தைகள் அத்தனையும் இந்த ஒட்டலைப் பிரிக்கப் பிறந்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள், பாதி குழப்பம் தீர்ந்துவிடும். வெறுமனே 'கோப்பி' என்றால் எல்லாம் சேர்ந்தது: கோப்பி, கட்டிப்பால், சில கடைகளில் அதன் மேல் ஒரு கரண்டி சீனியும். அதற்குப் பின்னால் நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு வார்த்தையும் பெரும்பாலும் எதையாவது எடுக்கும், அல்லது மாற்றும். கழித்தல் கணக்கு.

இன்னொன்று. இப்போது கடைகளில் பார்க்கிற டின்னைத் திருப்பி எழுத்தைப் படித்தால், பெரும்பாலும் 'க்ரீமர்' என்றுதான் இருக்கும். பால் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் சேர்த்தது. நம் ஆட்கள் தோட்டத்தில் குலை வெட்டி அனுப்பியது, சுற்றிச் சுற்றி நம் கிளாஸுக்கே வந்து சேர்கிறது.

படி 1: எந்தக் கடையில் உட்காருகிறோம் என்று பாருங்கள்

வாயைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரே வார்த்தைக்கு நாலு கடையில் நாலு கிளாஸ் வரும்.

சீனர் கோப்பிக்கடையில் பளிங்கு மேசை, கனத்த வெள்ளைப் பீங்கான் கப், அதில் பச்சைப் பூ. கோப்பிதியாம் என்பார்கள். 'தியாம்' என்றால் சீனரின் ஹொக்கியன் மொழியில் கடை. இங்கே 'தே' என்று கேட்டால் ஆற்றாமல் வரும். கட்டிப்பால் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும், கலக்கிக்கொள்ளக் கரண்டி தருவார்கள். இனிப்பு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் கலக்கிவிட்டு மிச்சத்தை அடியிலேயே விட்டுவிடுகிற கெட்டிக்காரர்களும் உண்டு. அங்கே கேட்க வேண்டியது கோப்பிதான். சூடு ஆறட்டும் என்று சாசரில் ஊற்றி உறிஞ்சுகிற தாத்தாக்களை இன்னும் பார்க்கலாம், சீனரும் உண்டு, நம்மவரும் உண்டு.

மாமாக் கடை நம் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கி வைத்தது. 'மாமா' என்று நாம் கூப்பிட்டதுதான் மலாய்க்காரர் வாயில் 'மாமாக்' ஆனது என்பார்கள். தேயிலைக்கு இந்தக் கடை. 'தே' என்று மட்டும் சொன்னால் "தாரிக்?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்காமலே ஆற்றிக் கொண்டுவருவதும் உண்டு.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மட்டும் உங்களுக்குப் பசும்பால் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. பலகையில் 'சூசு லெம்பு' என்று எழுதியிருக்கும். சூசு என்றால் பால், லெம்பு என்றால் மாடு. தே சூசு லெம்பு கேட்டால் ஏறக்குறைய தமிழ்நாட்டு டீ. காபி விரும்பிகளுக்கு அங்கே 'புரூ' இருக்கும். பில்டர் காபியைத் தேடாதீர்கள், ஏமாந்து போவீர்கள். கும்பகோணத்துக்காரர் என்றால் ஒரு வாரம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கோப்பி ஓ பழகிக்கொள்வதே மேல். இது என் சொந்தக் கருத்து.

மலாய் ஸ்டாலில் பெரிதாக வித்தியாசம் இல்லை, இனிப்பு மட்டும் ஒரு படி கூட.

கூப்பிடும் முறையும் கடைக்குக் கடை மாறும். சீனர் கடையில் அங்கிள், ஆண்டி. முதலாளி என்று தெரிந்தால் தவுக்கே. மலாய் ஸ்டாலில் வயதுக்குத் தகுந்தபடி கக் (அக்கா), அபாங் (அண்ணன்), மக்சிக் (அத்தை). மாமாக் கடையில் சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும்கூட "ஆனே" என்றுதான் கூப்பிடுவார்கள், நம் அண்ணேதான் அது. எதுவும் நினைவுக்கு வராவிட்டால் 'பாஸ்'. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 2: எது வேண்டும் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்

கோப்பி, தே, நெஸ்கஃபே, மைலோ (சாக்லேட் மால்ட் பானம்). இவை நான்கும் அடிப்படை. கோப்பி வேறு, நெஸ்கஃபே வேறு. கோப்பி என்பது துணிப்பையில் வடித்தது, நெஸ்கஃபே தூள் கரைத்தது. ஒன்றைக் கேட்டு மற்றது வந்தால் திருப்பி அனுப்பலாம், நியாயம் உங்கள் பக்கம்.

கலவையும் உண்டு. கோப்பியும் தேயும் சேர்ந்தது 'சாம்', சீனர் கடைச் சரக்கு. பெயருக்கே கலப்பது என்றுதான் பொருள். நெஸ்கஃபேயும் மைலோவும் சேர்ந்தது 'நெஸ்லோ', இது மாமாக் கடைச் சரக்கு. சாம் முதல் தடவை குடிக்கும்போது என்னடா இது என்று தோன்றும். மூன்றாவது தடவை வேறு எதுவும் பிடிக்காது.

ஈப்போ பக்கத்திலேயே இருப்பதால் 'வெள்ளைக் காப்பி'யும் கேட்பீர்கள். பால் அதிகம் ஊற்றியதால் வெள்ளை என்று நினைக்க வேண்டாம். வழக்கமான கோப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருகக் கருக வறுப்பார்கள். வெள்ளைக் காப்பிக்குச் சீனி சேர்க்காமல் மார்ஜரினில் மட்டும் இளம் வறுவல். கொட்டை அவ்வளவு கறுக்காததால் அந்தப் பெயர். கசப்பு குறைவு, வாசம் கூட.

படி 3: பாலைத் தீர்மானியுங்கள்

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள், கொஞ்சம் நின்று போவோம்.

ஒன்றும் சொல்லாவிட்டால் கட்டிப்பால். 'ஓ' என்றால் பால் இல்லை. 'சி' என்றால் கட்டிப்பாலுக்குப் பதில் இனிப்பில்லாத டின் பால், தண்ணீராக ஊற்றுகிற மாதிரி இருக்குமே, அது.

'ஓ' ஹொக்கியன் சொல், கறுப்பு என்று அர்த்தம். அதைத் தமிழ்நாட்டில் வரக்காப்பி, கடுங்காப்பி என்பார்கள், மலையாளி கட்டன் என்பார், இலங்கைத் தமிழர் தேயிலையில் பிளேன்டீ என்பார். தோட்டத்தில் எங்கள் வீட்டில் கடுங்காப்பிதான். விடியுமுன் குளிர்ச்சியில்தான் ரப்பர் பால் நன்றாக வடியும் என்பதால், இருட்டோடு பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மரம் சீவப் போக வேண்டும். அப்பா இடுப்பில் கத்தி, கையில் ஒரு போத்தல் கடுங்காப்பி. பால் ஊற்றினால் பத்து மணிக்குள் புளித்துவிடும், கடுங்காப்பி மதியம் வரை தாங்கும். கோப்பி ஓ என்பது எங்களுக்கு ருசி என்பதைவிட முதலில் வசதி.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஓ என்றால் பால் மட்டும்தான் போகும். பாலோடு இனிப்பும் போய்விட்டதே என்று கடைக்காரர் சீனியை அள்ளிப் போட்டுவிடுவார். பிளாக் காபி என்றால் சர்க்கரையும் இருக்காது என்று நம்பி வருகிறவர்கள் முதல் வாயிலேயே முழிப்பது இதனால்தான்.

'சி'க்கு இரண்டு கதை சொல்வார்கள். கார்னேஷன் என்ற டின் பால் பெயரின் முதல் எழுத்து என்பது ஒன்று. ஹைனான் சீனரின் பேச்சில் 'புதிய பால்' என்பதற்கான 'சி' என்பது இன்னொன்று. கோப்பிக்கடைத் தொழிலில் ஹைனான்காரர்கள் நிறையப் பேர் இருந்ததால் எனக்கு இரண்டாவது கதைதான் பொருத்தமாகப் படுகிறது. எதுவானாலும் சரி, உங்கள் காரியத்துக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: சி போட்டால் பாலும் இனிப்பும் பிரிந்துவிடும். பால் தனியாக ஊற்றுவார், சீனி தனியாகப் போடுவார். அதன் பிறகு சீனியை வேண்டாம் என்று சொல்ல முடியும்.

படி 4: இனிப்பு

'கூராங் மானிஸ்' என்றால் இனிப்புக் குறைவு. 'கோசோங்' என்றால் காலி, வெறுமை. இரண்டும் மலாய். தமிழ்நாட்டு 'வித்தவுட்'டுக்கு இங்கே கோசோங்.

கூராங் மானிஸை எங்கே போடுகிறோம் என்பதில் கவனம். தே தாரிக் கூராங் மானிஸ் கேட்டால் கட்டிப்பாலைக் குறைப்பார், வேறு வழி? இனிப்போடு பாலும் குறையும், தே கறுத்துக் கசக்கும். அதுவே பிடிக்கும் என்கிறவர்கள் உண்டு. பால் குறையாமல் இனிப்பு மட்டும் குறைய வேண்டும் என்றால் தே சி கூராங் மானிஸ்.

வெறும் 'கோப்பி கோசோங்' என்று கேட்காதீர்கள். கட்டிப்பாலில் கோசோங் கிடையாது, அதனால் கடைக்காரர் ஊகம் செய்ய வேண்டியிருக்கும். சிலர் பால், சீனி எதுவும் இல்லாமல் கறுப்பாகக் கொண்டுவருவார்கள். சிலர், மாமாவுக்கு நடந்த மாதிரி, சீனியை மட்டும் விட்டுவிடுவார்கள். கறுப்பு வேண்டுமென்றால் கோப்பி ஓ கோசோங், பாலோடு வேண்டுமென்றால் கோப்பி சி கோசோங் என்று முழுசாகச் சொல்லிவிடுவது நல்லது. சர்க்கரைக்காரர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பது 'தே சி கோசோங்'. மாமா அதை ஒரு மந்திரம் போலப் பாடம் செய்துகொண்டார். நாலாம் நாள், சீனர் கடை ஆண்டியிடம் போய் அவரே கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

கோசோங் வேறு இடங்களிலும் நடமாடும். ரோட்டி கோசோங் என்றால் உள்ளே முட்டை, வெங்காயம் எதுவும் இல்லாத ரோட்டி சானாய், அதற்கும் சீனிக்கும் சம்பந்தமில்லை. ஆயர் கோசோங் பச்சைத் தண்ணீர். கோசோங் என்ற சொல் எங்கே ஒட்டுகிறதோ அங்கே இருக்க வேண்டியது இல்லை, அவ்வளவுதான்.

படி 5: திடமும் ஆற்றுதலும்

திடமாக வேண்டுமென்றால் 'காவ்'. ஹொக்கியனில் கெட்டி. இன மொழி பேதமில்லாமல் இந்த நாட்டில் எல்லாரும் சொல்கிற வார்த்தை. தே தாரிக் காவ் என்றால் சாயம் தூக்கலாக வரும். தமிழ்க் கடையில் "அண்ணே, கொஞ்சம் காவா போடுங்க" என்று தமிழோடு ஒட்டியே சொல்வோம். 'லைட்'டுக்கு இங்கே அவ்வளவு புழக்கம் இல்லை.

அப்புறம் தாரிக். இந்த வார்த்தையை நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். 'தாரிக்' என்றால் மலாயில் இழுப்பது. மாஸ்டர் ஒரு கையை மேலே உயர்த்தி ஊற்ற, இன்னொரு கையிலுள்ள குவளை கீழே இறங்க, நடுவில் தே ஒரு கயிறு மாதிரி நீளும். மலாய்க்காரர் கண்ணில் அது இழுப்பாகப் பட்டிருக்கிறது. நாம் அதை 'ஆத்துறது' என்கிறோம். ஆறுவது சூடு. அதே கையசைவுதான், அவர்கள் கயிற்றைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் சூட்டைப் பார்த்து. தமிழ்நாட்டு டீ மாஸ்டரும் இதையேதான் செய்கிறார், ஆனால் அங்கே இதற்காக டீக்குத் தனிப்பெயர் இல்லை. "ஆத்தாம குடுங்க" என்று சொன்னால்தான் விசேஷம்.

நல்ல மாஸ்டரை அடையாளம் காண நுரையைப் பார்க்காதீர்கள், சத்தத்தைக் கேளுங்கள். கீழே விழும்போது சளசளவென்று தெறித்தால் கை இன்னும் படியவில்லை. ஒரே சீராக, கனமாக இறங்க வேண்டும். நாலைந்து முறை ஆற்றினால் கட்டிப்பால் அடியில் தங்காமல் முழுக்கக் கலந்துவிடும், வாய் பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். அதனால்தான் தே தாரிக்குக் கரண்டி தருவதில்லை. எங்கள் டவுனில் ஒரு மாஸ்டர் ஆற்றும்போது யாரிடமாவது பேசிக்கொண்டே இருப்பார், கிளாஸைப் பார்க்கவே மாட்டார். ஒரு சொட்டு வெளியே விழுந்து நான் பார்த்ததில்லை.

தூள் எது என்று கேட்பவர்களுக்கு: கேமரன் மலையில் ஜே. ஏ. ரசல் 1929ல் தொடங்கிய போ (BOH) தோட்டத் தேயிலை வீடுகளில் சாதாரணம். கடையில் தாரிக்குப் போடுவது பொடித்தூள்தான். இலைத்தூளில் அந்தச் சாயம் இறங்காது.

படி 6: சூடா, ஐஸா

ஒன்றும் சொல்லாவிட்டால் சூடு. 'ஐஸ்' என்று பின்னால் சேர்த்தால் பெரிய கிளாஸ், விலையும் கொஞ்சம் கூடும். 'சுவாம்' என்றால் வெதுவெதுப்பு. குழந்தைக்கு மைலோ வாங்கும்போது இது கை கொடுக்கும். எலுமிச்சை வேண்டுமா, தே ஓ ஐஸ் லீமாவ். மத்தியானம் இரண்டு மணிக்குச் செம்பனைக் காட்டிலிருந்து வெளியே வருகிறவர்கள் வேறு எதையும் குடிக்க மாட்டார்கள். இஞ்சி வேண்டுமா, ஹாலியா. தொண்டை கட்டினால் தே ஹாலியா, மருந்துக் கடைக்கு அடுத்த நாள் போய்க்கொள்ளலாம்.

படி 7: கட்டி வாங்குவது

பார்சல் என்ற சொல் இங்கே அஞ்சல் அலுவலகத்துக்கு. கடையில் 'புங்குஸ்'. சீனர் கடையில் 'தாபாவ்' என்றாலும் சரி.

உடனே அடுத்த கேள்வி வரும்: எப்படிக் கட்டுவது? 'ஈக்காட் தெப்பி' என்றால் பிளாஸ்டிக் பையின் ஓரத்தில் கட்டி, ஒரு மூலையைத் திறந்து விட்டு, உறிஞ்சியைச் செருகித் தருவார்கள். விரலில் மாட்டிக்கொண்டு நடந்தபடியே குடிக்கலாம். 'ஈக்காட் மாத்தி' என்றால் வாயை இறுக்கிக் கட்டிவிடுவது, வீட்டுக்குக் கொண்டுபோய் அவிழ்க்க. மாத்தி என்றால் சாவு. லேசில் அவிழ்க்க வராது என்பதைச் சொல்கிற அழகைப் பாருங்கள். ஐஸ் போட்டதை மாத்திக் கட்டு கட்டினால் வீடு போய்ச் சேர்வதற்குள் ஐஸ் உருகிச் சப்பென்று ஆகிவிடும். சூடான கோப்பியைத் தெப்பி கட்டச் சொல்லி வாங்கி, மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு குழியில் விட்டவன் நான். தொடையில் தழும்பு இப்போதும் இருக்கிறது.

இந்தப் பை வருவதற்கு முன் கட்டிப்பால் டின்தான் பார்சல். காலி டின்னின் மூடியில் கயிறு கோத்துக் கோப்பி ஊற்றித் தருவார்கள். தாத்தா அதைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து லயத்து வீட்டுக்கு வருவாராம், பாட்டி டின்னைக் கழுவி அரிசி அளக்க வைத்துக்கொள்வாராம்.

சேர்த்துச் சொல்லிப் பார்ப்போம்

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: சரக்கு, பால், அப்புறம் மற்றதெல்லாம். முதல் இரண்டு இடம் மாறக்கூடாது. மீதி முன்பின் ஆனாலும் புரியும்.

"பாஸ், தே தாரிக் ரெண்டு, ஒண்ணு கூராங் மானிஸ்." மாமாக் கடையில் நாங்கள் சொல்கிற விதம் இதுதான். மலாய்ச் சொல்லுக்கு நடுவே தமிழ் எண். பரிமாறுகிறவர் தமிழர் இல்லாவிட்டால் எண்ணையும் மலாயில் சொல்லிவிடுங்கள்: சத்து, டுவா, தீகா. மூன்றுக்கு மேல் ஆள் இருந்தால் விரல் காட்டுவது உத்தமம்.

"அங்கிள், கோப்பி ஓ காவ், கூராங் மானிஸ்." கறுப்பு, திடம், சீனி கொஞ்சம். அரை வேக்காட்டு முட்டை இரண்டும் 'காயா' (தேங்காய்ப்பால், முட்டை ஜாம்) தடவிய ரொட்டியும் சேர்த்துக்கொண்டால் பசியாறை முடிந்தது.

"கக், தே ஓ ஐஸ் லீமாவ் சத்து, புங்குஸ், ஈக்காட் தெப்பி." இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டால், நீங்கள் வெளியூர் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

டவுனைத் தாண்டினால்

இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு எங்கும் போகலாம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பினாங்கில் ஐஸுக்கு 'பெங்' என்பார்கள், கோப்பி பெங். சிங்கப்பூரில் பெங்தான் வழக்கு, கூராங் மானிஸுக்கு அங்கே 'சியூ டாய்', நீர்க்க வேண்டுமென்றால் 'போ'. மைலோவுக்கு அவர்கள் பழைய பெயர் 'தாக் கியூ', பந்து உதைப்பது. டின்னில் பந்து விளையாடுகிறவன் படம் இருந்ததால். பையில் கட்டிய தேயிலையைக் கயிற்றைப் பிடித்து முக்கி எடுப்பதற்கு 'தியாவ் ஹீ', மீன் பிடிப்பது. நம் ஊரில் இவையெல்லாம் எடுபடாது, ஆனால் ஜொகூர் பாலத்தைத் தாண்டும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

சரவாக் போனால் குச்சிங்கில் தே சி பெங் ஸ்பெஷல் குடியுங்கள். நிப்பா பனையில் எடுக்கும் கூலா அப்போங் வெல்லம் அடியில், பால் நடுவில், தே மேலே, மூன்று நிறம் தனித்தனியாக நிற்கும். கலக்குவதற்கு மனசு வராது.

இந்தோனேசியாவில் கணக்கே வேறு. அங்கே 'தே' என்றால் பால் இல்லாததுதான், ஓ போட வேண்டிய அவசியமே இல்லை. சிங்கப்பூருக்கு எதிரே இருக்கும் பாத்தாம் தீவுப் பக்கம் போனால் 'தே ஓபெங்' கிடைக்கும். நம் ஓவும் பினாங்குப் பெங்கும் ஒட்டிக்கொண்டது. ஓபெங் என்றால் இந்தோனேசிய மொழியில் திருப்புளி என்பதால் ஜாகர்த்தாவிலிருந்து வருகிறவர்கள் பலகையைப் பார்த்துச் சிரிப்பார்களாம்.

எதிர்த் திசையில் போகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. சென்னையில் ஒரு தெருவோரக் கடையில் நான் பழக்க தோஷத்தில் "அண்ணே, டீ ஐஸ் ஒண்ணு" என்றேன். மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டீயா, ஐஸா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க தம்பி."

ஒரு பழைய கணக்கு. நம்மவர்களை இந்த மண்ணுக்கு முதலில் அழைத்து வந்தது ரப்பருக்காக இல்லை. முதலில் கரும்பு, பிறகு காப்பித் தோட்டம். பேராக்கிலும் சிலாங்கூரிலும் லைபீரியக் காப்பிச் செடிக்கு நம் ஆட்கள் களை வெட்டியிருக்கிறார்கள். பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து 1890களில் விலை சரிந்ததும், துரைமார் செடியைக் கைவிட்டு ரப்பருக்குத் தாவினார்கள். ரப்பர் கன்று 1877லேயே பக்கத்துக் கோலகங்சாரில் வேர் விட்டிருந்தது. ஆக, எங்கள் பூட்டன் வளர்த்தது காப்பி, அப்பா சீவியது ரப்பர், நாங்கள் குடிப்பது ஹொக்கியன் பெயர் வைத்த கோப்பி.

படி 8: காசு கொடுப்பது

மாமாக் கடையில் சாப்பிட்டு முடித்ததும் கையைத் தூக்கி "பாஸ், கீரா!" என்று சொல்லுங்கள். கீரா என்றால் கணக்குப் போடு. ஆள் வந்து மேசையிலுள்ள காலிக் கிளாஸையும் தட்டையும் கண்ணால் எண்ணி மொத்தத்தைச் சொல்வார், அல்லது சீட்டில் கிறுக்கிக் கொடுப்பார். கல்லாவில் போய்க் கட்ட வேண்டும். அதனால் காலிக் கிளாஸை நல்ல எண்ணத்தில் பக்கத்து மேசைக்குத் தள்ளி வைக்காதீர்கள், அவர்கள் தலையில் விழும்.

சீனர் கோப்பிக்கடையில் தண்ணிக் கணக்கு தனி. மீ (நூடுல்ஸ்) விற்பவர் ஒருவர், கோழிச்சோறு விற்பவர் இன்னொருவர், கோப்பி கலக்குகிறவர்தான் கடைக்குச் சொந்தக்காரர். கோப்பி மேசைக்கு வந்ததும் அப்போதே காசு கேட்பார்கள். பெரிய தாளை நீட்டினால் ஆண்டி முகத்தைச் சுளிப்பார், காலை ஆறு மணிக்கு அவரிடம் மீதி இருக்காது. ஒரு வெள்ளி (ரிங்கிட்) தாள் ஐந்தாறு சட்டைப் பையில் இருக்கட்டும்.